நூற்றுப் பன்னிரண்டு

வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி
கேரளப் பக்கம் மூன்றாவது கடை என்னுடையது.
ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
அந்தப் பக்கத்து ஆதாரும் இந்தப் பக்கத்து ரேஷன் கார்டும்
ஒரே கண்ணாடியில்தான் குப்புறப் படுக்கின்றன.

இரவு எட்டரைக்கு இரண்டு பேர் வந்தார்கள்,
ஓரம் நனைந்த ஒரு தாளோடு.
மேலே மலையாளம், கீழே தமிழ்.
பொன்னம்மிணி, ஒரு கட்டம்.
சிவதாசன், ஒரு கட்டம்.
ஒன்பதாம் வார்டில் கட்சி யாரை நிறுத்துவது என்று
ஞாயிற்றுக்கிழமை தங்களுக்குள்
ஓட்டுப் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம்.

"எத்தனை காப்பி?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் ஆறுச்சாமி.
"ஆயிரத்து முந்நூத்தி நாப்பது" என்றார் கமாலுதீன் ராவுத்தர்.

ஆறுச்சாமி பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்தார்.
போன வருஷம் நான்தான் லேமினேட் செய்தேன்.
இருபத்தாறு வருஷச் சந்தா,
மழையில் நட்ட கொடிக்கம்பம்,
கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனில் ஒரு ராத்திரி:
எல்லாம் அந்த அட்டைக்குள் இருப்பதுபோல் பிடித்திருந்தார்.
"என் வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க
ஊரைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லட்டுமா?
எதிராளி நூறு பேரை அனுப்புவான்.
நம்மகிட்ட இருக்கறதுல நோஞ்சான் சேவலாப் பார்த்துக்
குத்திட்டுப் போவான்.
டிசம்பர்ல அதையே அறுத்துக் குழம்பு வைப்பான்."

ராவுத்தர் குடையை மடக்கினார்.
தண்ணீர் என் பேப்பர் கட்டுப் பக்கம் ஓடியது.
"ஒன்பதாம் வார்டுல நாம
தொடைப்பத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும்.
முப்பது வருஷமா அப்படித்தான்.
அப்போ நெசமான எலெக்‌ஷன் எது?
டிசம்பர்ல நடக்கறதா, ஞாயித்துக்கிழமை நடக்கறதா?
நூத்திப் பன்னெண்டு பேர் சமைச்சு, உப்புப் பார்த்து,
கையும் கழுவின பிறகு
மத்தவங்களை இலை எடுக்கக் கூப்பிடறோம்."

நடுவில் ஒரு லாரி டிரைவர்.
வைக்கோல் பாரம், பெர்மிட் இரண்டு காப்பி.
"நான் நெகமம்காரன், எனக்கு இங்க ஓட்டில்ல,
சீக்கிரம் கொடுங்கக்கா."
கொடுத்தேன். மூன்று ரூபாய்.

ராவுத்தர் என் பக்கம் திரும்பினார்.
"நீங்க சொல்லுங்க, ஜோதிமணி."

பதினோரு வருஷம் ஒன்பதாம் வார்டில் இருக்கிறேன்.
நாலு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும்,
எந்த நாலாவது நாள் என்று யாருக்கும் தெரியாது.
வராத நாளில் சிவதாசனின் டேங்கர் வரும்.
பொன்னம்மிணியும் என்னோடு
அந்த வரிசையில் குடத்தோடு நிற்பாள்.
சொல்ல இருந்தது. நாக்கு நுனி வரை இருந்தது.

"அவங்க மெம்பர் இல்லையே" என்றார் ஆறுச்சாமி.

கோபமாகச் சொல்லவில்லை.
மின்சாரம் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.
ராவுத்தர் வாயைத் திறந்து மூடினார்.

பிறகு போன் வந்தது.
சித்தூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ஒரு குரல்;
ராவுத்தர் "சரி சகாவே" என்று மூன்று முறை சொன்னார்,
மூன்றாவது மிக மெதுவாக.

நூற்றுப் பன்னிரண்டு.

மிஷின் சூடேற இரண்டு நிமிஷம்.
பச்சை வெளிச்சம் போய் வந்தது, போய் வந்தது.
எண்பதில் ஒரு தாள் சிக்கி,
பொன்னம்மிணி பாதிப் பெயரோடு வெளியே வந்தாள்.
அதைக் கிழித்து வேறு எடுத்தேன்.
ராவுத்தர் எச்சில் தொட்டு எண்ணினார்,
ஆறுச்சாமி மறுபடி எண்ணினார்.
நூற்று அறுபத்தெட்டு ரூபாய், சில்லறையாகவே கொடுத்தார்கள்.
ஒரே குடையில் போனார்கள்.

மூலத் தாள் கண்ணாடியிலேயே கிடந்தது.
மறந்துவிட்டார்கள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இன்னும் ஒன்று எடுத்தேன்.
இளஞ்சூடாக இருந்தது.
கல்லாவில் பேனா இருந்தது, எடுக்கவில்லை;
இல்லை, எடுத்தேன்.
எந்தக் கட்டம் என்பது உங்களுக்கு வேண்டாம்.
நீங்களும் மெம்பர் இல்லையே.

கணக்கு நோட்டில் அன்றைய கடைசி வரி:
கழிவு, இரண்டு தாள்.